முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை

கலியாணசுந்தரத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முக்கால்வாசியைக் காற்றோடு மல்லுக்கட்டியே கழித்திருந்தார். பதினாறாவது வயதில் மலாக்காவை அடுத்த ஜாசின் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் புகைக்கொட்டகை வேலைக்குச் சேர்ந்தார். ஈரமான ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் வேட்டி காயப்போடுவதுபோல வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டிப் புகைக்கிற கொட்டகை. கூரைக் கதவை எவ்வளவு திறப்பது, அடுப்புக் கதவை எவ்வளவு சாத்துவது என்பதுதான் அவர் உத்தியோகம். கொஞ்சம் பிசகினால் ஒரு மூலையில் ஷீட்டு கொப்புளம் போடும், இன்னொரு மூலையில் பூஞ்சை பிடிக்கும். திட்டு என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான். கொட்டகை எரிந்துபோய்விட்டது. மலாக்கா டவுனுக்கு வந்து ஐஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தார். இருபத்திரண்டு வருஷம் வெந்த உடம்பு பதினோரு வருஷம் உறைந்தால் என்ன ஆகும்? இடது தோள் தூக்க முடியாமல் போயிற்று.

மலாயா சுதந்திரம் அடைந்த வருஷம் காஜா பெராங் ரோட்டில் பெல்கார்ட் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆபீஸில் ஒரு கணக்கு மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முப்பது தோட்டங்களில் எந்த நாளில் எத்தனை பவுண்டு ரப்பர் என்பதை ஓட்டை போட்ட அட்டைகளில் குறித்து அதற்குள் போட்டால், அது கூட்டிப் பெருக்கிச் சொல்லும். ஆள் உயரம், இரண்டு பீரோ அகலம். உள்ளே ஆயிரத்துக்கு மேல் வால்வுகள். ரேடியோவுக்குள் சிவப்பாக மினுங்குமே, அதே கண்ணாடிக் குழல்கள். ஒரு ரேடியோ வைத்த மேஜையே மத்தியானத்தில் கொதிக்கும். ஆயிரம் ரேடியோவை ஓர் அறையில் அடைத்து வைத்தால் அதைக் குளிர வைக்க ஏர்கோன் வேண்டாமா? போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஐஸ் கம்பெனியில் இருந்த கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சூட்டையும் குளிரையும் சேர்த்து மேய்க்கிற வேலை. இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவர் நினைத்தார்.

அந்த அறையின் வரைபடம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. நீல அம்பு போட்டால் குளிர்காற்று, சிவப்பு அம்பு போட்டால் சூடு. சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பிச் சன்னல். அதன் வழியாகக் குளிர்காற்று வந்து, தரையோடு போய், மெஷினின் அடிப்பக்கம் நுழைந்து, சூடாகி மேலே வெளியேறும். அதே சுவரில் கூரைக்குக் கீழே இன்னொரு சன்னல். சூடு அதன் வழியாகத் திரும்பிப் போகும். இரண்டு சன்னலுக்கும் நடுவில் ஒரு தெர்மாமீட்டர். எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். படத்தைப் பார்க்க வெகு அழகாக இருந்தது. அதில் நாற்காலிகூட ஒன்று இருந்தது, ஆள்தான் யாரும் இல்லை.

ஆனால் அறையில் ஆள் இருந்தாள். பூங்காவனம் என்று பெயர், இருபத்து நான்கு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடித்து, டவுனில் டைப்பிங் படித்து, மெஷின் பழகி, அந்த நாற்காலிக்கு வந்தவள். கிளேபாங்கில் ஒரு வாடகை அறையில் கண் தெரியாத தாயோடு இருந்தாள். பால்மரம் வெட்டாமல் மாதச் சம்பளத்துக்கு வந்தவள் அவர்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே அவள் ஒருத்திதான். அந்த நாற்காலி சரியாகக் கீழ்ச் சன்னலுக்கு முன்னால் போடப்பட்டிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை முதுகில் குளிர்காற்று.

மூன்றே வாரத்தில் அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை. மூக்கு ஒழுகிற்று. கலியாணசுந்தரத்தின் மனைவி சாரதாம்பாள் ஒரு நாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பெண்ணைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"இது சளி இல்ல. காத்து ஏறிடுச்சு. முதுகுல காத்து பட்டா சும்மாவா? இப்படியே விட்டா கை காலு இழுத்துக்கும்."

மலாய்க்காரர், சீனர், தமிழர், செட்டி என்று ஆயிரம் விஷயத்தில் முட்டிக்கொள்கிற அந்த ஊரில் எல்லோரும் ஒரு மனதாக ஒத்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. முதுகில் காற்று பட்டால் வியாதி. மலாயில் 'மாசுக் ஆஙின்' என்பார்கள், காற்று நுழைந்துவிட்டது என்று. அதற்கென்றே பச்சைத் தைலம் விற்கிறார்கள். டாக்டர்கூட மறுத்துப் பேசமாட்டார். பேசினால் கிளினிக்குக்கு ஆள் வராது.

கலியாணசுந்தரம் யாரையும் கேட்கவில்லை. வெள்ளைக்கார மேனேஜர் கப்பல் ஏற மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம், கேட்கவும் ஆள் இல்லை. தச்சு வேலைக்குத் தம்பியைக் கூட்டிவந்தார். தம்பி என்பது அவர் பெயர், வயது ஐம்பத்தெட்டு. தமிழ் வழியில் வந்து தலைமுறை தலைமுறையாகக் காஜா பெராங்கில் இருக்கும் மலாக்காச் செட்டி ஆள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். சாமி பெயரும் பலகாரப் பெயரும் தவிர தமிழ் வராது. தன்னைவிட மூத்தவரை வெறும் தம்பி என்று கூப்பிட மனம் வராமல் கலியாணசுந்தரம் அவரைத் 'தம்பி அண்ணே' என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். தம்பி மட்டும் அது ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்.

தம்பி ஒரு பிளைவுட் பலகையை அளந்து வெட்டி, கீழ்ச் சன்னலுக்கு முன்னால் சாய்வாக நிறுத்தி, நாலு திருகாணி போட்டு முடுக்கினார். குளிர்காற்று பலகையில் மோதி மேலே போயிற்று. பூங்காவனம் உட்கார்ந்து பார்த்தாள்.

"முதுகுல ஒண்ணும் படல மாமா. புண்ணியமாப் போவும்."

சுவரின் நிறத்திலேயே பலகைக்கும் வர்ணம் அடித்தார் கலியாணசுந்தரம். அவள் அதன் ஓரத்தில் ஓர் ஆணி அடித்துக் குடையை மாட்டினாள். ஒரு மாதத்தில் அது பலகை என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

மறு வருஷம் சேதுராமன் மேனேஜராக வந்து உட்கார்ந்தார். துரை உட்கார்ந்த அதே நாற்காலி. நம்மவனுக்கு அந்த நாற்காலி தாங்குமா என்று சிங்கப்பூர் தலைமை ஆபீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே மனிதர் தூங்கி எழுந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். பயந்தவர்களிடம் வேலை பார்ப்பது கெட்டவர்களிடம் வேலை பார்ப்பதைவிட அலுப்பு.

அவர் வந்த இரண்டாம் மாதம் முப்பது தோட்டத்து அட்டைகளும் மொத்தமாக வந்து, மெஷின் நாள் முழுக்க ஓயாமல் ஓட ஆரம்பித்தது; கணக்கும் தப்ப ஆரம்பித்தது. காலையில் போட்ட அட்டைகள் எல்லாம் சரி. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் போட்டவை தாறுமாறு. ஒரு தோட்டம் ஒரே நாளில் ஒன்பதாயிரம் பவுண்டு ரப்பர் இறக்கியதாக வந்தது. அந்தத் தோட்டத்தில் மரமே அத்தனை இல்லை. இன்னொரு தோட்டத்தில் எடை குறைந்ததாக வந்து, அங்கே கங்காணி தொடங்கிக் கடைசி ஆள்வரை ஏச்சு வாங்கினார்கள். மெஷின் தப்பு செய்யாது என்று விற்றவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் தப்பு யாருடையது? பூங்காவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் கழித்து இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். பெல்கார்ட் கம்பெனி நிறுத்திய ஆளை மலாக்காவில் வேறு எந்த ஆபீஸும் சேர்க்காது. திரும்பத் தோட்டம், திரும்ப வாளி, விடியலில் மரம்.

"நான் தப்பு பண்ணல மாமா," என்றாள் அவள். அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல். "ஒரே அட்டைய காலையில போட்டா ஒரு கணக்கு, மத்தியானம் போட்டா வேற கணக்கு. நான் என்னா செய்யறது?"

கலியாணசுந்தரம் மெஷினின் தலையில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துவிட்டார். சுட்டது.

அவர் சேதுராமனிடம் போய் நின்றார். நிற்கும்போதே கால் கடுத்தது.

"சார், மெஷினுக்கு மூச்சு முட்டுது. மேல கை வச்சுப் பாருங்க."

"சுவத்துல டிகிரி என்னான்னு பாத்தீங்களா?"

"எழுபத்திரண்டு சார்."

"அப்புறம்? காலையில எழுபத்திரண்டு, மத்தியானம் எழுபத்திரண்டு. உங்க உள்ளங்கை சொல்றத நான் சிங்கப்பூருக்கு எழுத முடியுமா?" சேதுராமன் பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை மெஷின் என்ஜினியர் மிஸ்டர் சியா வர்றாரு. அவர் மெஷின் நல்லாருக்குன்னு சொல்லிட்டா, அந்தப் பொண்ணுக்குக் கடுதாசி ரெடியா இருக்கு. எனக்கு மட்டும் ஆசையா?"

கலியாணசுந்தரத்துக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாதம். பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருக்கத்தான் உடம்பும் சொன்னது. ஆனால் சூடு எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியவில்லை என்கிற எண்ணம் அவரை விடவில்லை. புகைக்கொட்டகையில் அந்தக் கஷ்டம் இல்லை. காற்று எங்கே போகிறது என்று புகை காட்டிக்கொடுத்துவிடும். மெஷின் அறையில் புகை போட முடியாது. போட்டால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படியானால் அறையைச் சின்னதாகச் செய்தால் என்ன?

வரைபடத்தை இரவல் வாங்கித் தம்பியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டு, கடைக்காரர் ஒருவர் தூக்கிப்போட்ட ஷோகேஸ் கண்ணாடியை அறுத்து, இரண்டு மாலையில் ஒரு கண்ணாடி அறை செய்தார்கள். படத்தில் இருந்தபடியே கீழே ஒரு சன்னல், மேலே ஒரு சன்னல். மெஷினுக்குப் பதிலாக இரண்டு பால் டின்கள். அடியிலும் தலையிலும் ஓட்டை போட்டு உள்ளே பல்பு. டின்னின் தலையில் ஒரு மெழுகுத் துளி. சூடு மிஞ்சினால் அது உருகும். கீழ்ச் சன்னலுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் ஐஸ் கட்டி, அதன் பக்கத்தில் பெண்டஹாரா ரோட்டில் வாங்கிய சாம்பிராணி. அங்கேயே நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய சின்னத் துருத்தி. மேல் சன்னலில் ஒரு விளக்குச் சிமினி, காற்றை இழுக்க.

புதன்கிழமை மாலை சாம்பிராணியைப் போட்டு, துருத்தியை மெல்ல அமுக்கினார். ஐஸில் பட்டுக் குளிர்ந்த புகை கீழ்ச் சன்னல் வழியாகக் கசிந்து, தரையோடு தரையாகப் போய், பால் டின்னுக்கு அடியில் நுழைந்தது. தலைவழியே கிளம்பிற்று. மேல் சன்னலில் போய் மறைந்தது. நீல அம்பும் சிவப்பு அம்பும் உயிரோடு நடந்துபோனதுபோல இருந்தது. தம்பி கைதட்டினார்.

கலியாணசுந்தரம் கைதட்டவில்லை. கால்மணி நேரம் துருத்தியை அமுக்கினார். மெழுகு உருகவில்லை. ஐஸ் மாற்றி மறுபடி செய்தார். உருகவில்லை. மூன்றாவது முறையும் அதே கதை. அறையில் காற்று சரியாகத்தான் ஓடுகிறது என்று கண்ணாடிப் பெட்டி அடித்துச் சொல்லிற்று. அப்படியானால் மெஷினில் பிசகில்லை. அப்படியானால் அந்தப் பெண்தான். அவளைக் காப்பாற்றச் செய்த பெட்டி அவளையே கைகாட்டியது. அவர் மரத்தூள்மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் விண்விண்ணென்று தெறித்தது. இத்தனை வயதுக்குமேல் எனக்கு எதற்கு இந்த வேலை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தம்பி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தச்சர் அல்லவா, தான் செய்த சாமான் எதுவும் அவருக்கு மறக்காது. குனிந்து கீழ்ச் சன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாபான் மானா?"

பலகை எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். கலியாணசுந்தரத்துக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. படத்தில் பலகை இல்லை. படம் வந்தபோது பலகை ஏது? அவர் படத்தைப் பார்த்து அறை செய்தார், அறையைப் பார்த்துச் செய்யவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் பார்த்த பலகை, தன் கையால் வர்ணம் அடித்த பலகை, அவர் கண்ணில் படவே இல்லை.

ஒரு கணக்கு அட்டையைப் பலகை அளவுக்குக் கிழித்துச் சன்னலுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். துருத்தியை அமுக்கினார். புகை அட்டையில் மோதி, நேரே சுவரோடு ஏறி, மேல் சன்னலுக்குள் போய்விட்டது. பால் டின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டின்னைச் சுற்றி இருந்த பழைய புகை மேலே கிளம்பி, கீழே இறங்கி, மறுபடியும் அதே டின்னுக்குள் நுழைந்தது. தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் இருக்கிற இடத்தில் மட்டும் குளிர்ந்த புகை போய்க்கொண்டே இருந்தது. எழுபத்திரண்டு டிகிரி. எட்டாவது நிமிஷம் மெழுகுத் துளி உருகி டின்னில் வழிந்தது.

"ஹாபிஸ்," என்றார் தம்பி. தீர்ந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கலியாணசுந்தரம் கணக்குப் போட்டார். கம்பெனி அறையைக் கேட்காமல் மாற்றினேன், இத்தனை மாதக் கணக்கு பாழ், தோட்டத்து ஆட்கள் வாங்கிய ஏச்சு அத்தனையும் என்னால் என்று சொன்னால், முப்பது வருஷத்துக்குமேல் உழைத்தவன் கடைசிப் பத்து மாதத்தில் கெட்ட பெயரோடு போக வேண்டும். சொல்லாமலும் இருக்கலாம். பலகையைக் கழற்றிவிட்டால் போதும். மெஷின் சரியாகிவிடும், கணக்கு சரியாகிவிடும், பெண்ணும் பிழைத்துக்கொள்வாள். யாருக்கும் தெரிய வேண்டாம். அவர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். களைப்பில் தோன்றுகிற யோசனைகளெல்லாம் நல்ல யோசனையாகவே தெரியும்.

வியாழக்கிழமை காலையில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து நாலு திருகாணியையும் கழற்றினார். பலகையை ஏர்கோன் பெட்டிக்குப் பின்னால் சொருகினார். பூங்காவனம் வந்தாள், குடையை மாட்ட இடம் தேடினாள்.

"பலகை என்னாச்சு மாமா?"

"ஆட்டம் கண்டுபோச்சு. சரி பண்ணணும். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முதுகை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. கலியாணசுந்தரம் மெஷினின் தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெதுவெதுப்பு, அதற்குமேல் இல்லை. ஒரு கணக்குகூடத் தப்பவில்லை. ஐந்து மணிக்குச் சேதுராமன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். முகம் மலரவில்லை, இறுகிற்று.

"பாத்தீங்களா கலியாணசுந்தரம்? நாளைக்கு என்ஜினியர் வர்றாரு, வேலை போயிரும்னு தெரிஞ்சதும் கணக்கு எவ்வளவு சுத்தமா வருது! அப்போ இத்தனை நாளும் கவனமில்லாமத்தான் செஞ்சிருக்கு. நான் சந்தேகமாத்தான் இருந்தேன். இப்ப எனக்குச் சந்தேகமே இல்ல."

அவர் கடிதத்தில் அப்போதே கையெழுத்துப் போட்டார். கலியாணசுந்தரம் அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூங்காவனம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை அவரால் பார்க்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளேபாங் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. சாரதாம்பாள் தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.

"பத்து மாசம்தானே, பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிருங்க," என்றாள். அவளுக்குப் பலகை விஷயம் தெரியாது. காற்று ஏறிவிட்டது என்று முதலில் சொன்னது தான்தான் என்பதும் அவளுக்கு நினைவில்லை. அவர் ஞாபகப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மிஸ்டர் சியா வந்தார். சிங்கப்பூர்ச் சீனர், ஒல்லி, கண்ணாடி போட்டவர். மெஷினைத் திறந்து பார்த்து, ஒன்றும் பழுதில்லை என்றார். சேதுராமன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். கலியாணசுந்தரம் கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இடது தோள் உயராததால் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. மிஸ்டர் சியாதான் ஓடிவந்து பிடித்தார்.

"சார், அஞ்சு நிமிஷம். அப்புறம் என்ன வேணாலும் குடுங்க."

"என்னய்யா இது, ஆபீஸுல சாம்பிராணி போடறீங்க? பூஜையா?" என்றார் சேதுராமன்.

கலியாணசுந்தரம் டின்னுக்குள் இருந்த பல்பைப் போட்டார். ஐஸ், சாம்பிராணி, துருத்தி. புகை படத்தில் உள்ளபடி அழகாக ஓடிற்று. மிஸ்டர் சியா சட்டென்று முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடிக்கு மூக்கைக் கொடுத்தார். "குட், குட்," என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் சேதுராமன். "காத்துல கோளாறு இல்ல."

"இது நேத்து இருந்த மாதிரி சார். ஒரு வருஷமா இருந்தது இப்படி." அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கிழிந்த அட்டையை எடுத்துச் சன்னலுக்கு முன்னால் சாய்த்து வைத்தார்.

புகை திரும்பிற்று. துருத்தியின் மூச்சு மட்டும் கேட்டது. எட்டு நிமிஷம் மூன்று பேர் ஒரு மெழுகுத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவதாகப் பூங்காவனம் கதவோரம் நின்றாள். மெழுகு வழிந்தது. மிஸ்டர் சியா எழுந்து, மெஷின் அறைக்குப் போய், கீழ்ச் சன்னலைச் சுற்றி இருந்த நாலு திருகாணி ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மலாயில் கேட்டார், பலகை வைத்தது யார் என்று.

பூங்காவனம் வாயைத் திறந்தாள். "சார், நான்தான் குளிருதுன்னு..."

"நீ சும்மா இரும்மா," என்றார் கலியாணசுந்தரம். அந்த ஆபீஸில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "நான் வச்சேன் சார். யாரையும் கேக்கல. நேத்துக் காலையில நான்தான் கழட்டினேன், அதுவும் யாருக்கும் சொல்லல. நேத்துக் கணக்கு சரியா வந்தது அதனாலதான். இந்தப் பிள்ளை ஒரு வருஷமாச் சரியாத்தான் செஞ்சிருக்கு."

சேதுராமன் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழிக்க அவருக்கு நேரம் பிடித்தது. கிழித்தார். பிறகு வேறொரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிங்கப்பூருக்கு யார் பெயரையாவது எழுதித்தானே ஆக வேண்டும்?

வேலையை விட்டு நிறுத்தவில்லை, அந்த மட்டும் மிஸ்டர் சியா பேசித் தடுத்தார். டவுனுக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்ற ஊரில் கம்பெனிக்குச் சொந்தமான தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. பழைய அட்டைகளைப் போட்டுவைக்கிற ஸ்டோர். மிச்சமிருந்த பத்து மாதத்துக்கும் கலியாணசுந்தரம் அங்கே காவல். தகரக் கூரை, ஒரு கதவு, மேலே சன்னல் கிடையாது. காற்று எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்கவே வேண்டாம். வரவும் இல்லை, போகவும் இல்லை. கண்ணாடிப் பெட்டியை மிஸ்டர் சியா சிங்கப்பூருக்கு எடுத்துப்போனார். அங்கே புது மெஷின் அறை கட்டுமுன் அதைப் போலவே பெட்டி செய்து புகை விட்டுப் பார்க்கிறார்களாம். மலாக்காவில் யாரோ கிழவன் செய்தது என்று சொல்கிறார்களாம். தம்பிக்கு இந்தச் செய்தி எட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: மூலைகளை ஒழுங்காக இழைத்தார்களா?

அவர் காவலுக்கு வந்த ஏழாம் மாதம் ஒரு நாள் மத்தியானம் கம்பெனி லாரி வந்து நின்றது. பூங்காவனம் முன் சீட்டிலிருந்து இறங்கினாள். கப்பலேறிப்போன வெள்ளைக்காரச்சி யாரோ விற்றுவிட்டுப்போன கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள். மலாக்கா வெயிலில் கம்பளிக் கோட்டு. லாரிக்காரன் சிரித்தான். அவள் இருமினாள்.

"இன்னும் குளிருதா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம். அவர் பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"குளிருது மாமா. நாற்காலிய நவுத்தக்கூட விடமாட்டேங்கிறாங்க. படத்துல அங்கதான் இருக்காம்." அவள் கதவோரத்தில் வெயிலில் நின்றுகொண்டாள். "கணக்கு ஒண்ணுகூடத் தப்பல. இந்த மாசத்தோட ஏழு மாசம்."

"அது போதும்."

"உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு..."

"ஒண்ணும் வேணாம்மா. அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

லாரிக்காரன் அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். அன்று காலைவரை மெஷின் அறையில் இருந்த பெட்டிகள். எண்ணிக் கையெழுத்துப் போட அவர் முதல் பெட்டியின் மூடியைத் திறந்தார். அட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. நடுவில் விரலை நுழைத்தார். உள்ளே இன்னும் சில்லென்று இருந்தது. மணிக்கட்டுவரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். பூங்காவனம் பார்த்துக்கொண்டிருந்தாள்; பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவராகவே கையை எடுத்தார்.

"மூடணும்மா," என்றார். "இந்தப் புழுக்கம் பட்டா அட்டை ஊதிப்போயிரும். அப்புறம் திரும்பக் கேட்டா மெஷின்ல போவாது." மூடியை அழுத்திச் சாத்தி, அடுத்த பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.